இவனுக்கும் உண்டு விளையாட்டு

சென்ற இதழில் குழந்தைகளின் மாலை நேர விளையாட்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். அவர் பையனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தெருப் பிள்ளைகளோடு சேருவதில்லை, பந்தைப் போட்டால் பிடிப்பதில்லை, நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். இவனுக்கும் விளையாட்டு உண்டா என்று கேட்கிறார்.

உண்டு அம்மா, நிச்சயம் உண்டு! என் சின்ன மகனுக்கும் ஆட்டிசம்தான். இப்போது பதினான்கு வயது. வீட்டில் செய்து பார்த்ததையே எழுதுகிறேன்.

கூட்டமாக ஆடும் ஆட்டத்தில் எத்தனை சங்கடம், பாருங்கள். விதி புரியணும், முறை வரும்வரை காத்திருக்கணும், மற்றவர்கள் போடும் கூச்சலையும் தாங்கணும். விசில் சத்தமே சில குழந்தைகளுக்குக் காதில் ஊசி குத்துகிற மாதிரி. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் பிள்ளைக்குத் தானாகவே எது பிடிக்கிறது என்று கவனியுங்கள். குதிக்கிறானா, சுற்றுகிறானா, தண்ணீரில் கை அளைகிறானா? அதுதான் அவனுக்கேற்ற தேகப்பயிற்சி.

குதிப்பவனுக்குப் பழைய மெத்தையைத் தரையில் போடுங்கள். மொட்டை மாடி வேண்டாம். முற்றத்தில் சாக்பீஸால் பெரிய வட்டங்கள் போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே தாவுங்கள், வெட்கம் என்ன!

ஊஞ்சல் பிடித்தவனைப் பத்து எண்ணும் வரை ஆட்டிவிட்டு நிறுத்துங்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்தாலோ, கையை இழுத்தாலோ, “ஆடு” என்றாலோ மறுபடி ஆட்டுங்கள். கேட்டு வாங்கும் பழக்கமும் இதிலேயே வந்துவிடும். தலை சுற்றினால் சொல்லத் தெரியாத குழந்தைகள் உண்டு. முகம் வெளுத்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

தள்ளுவதும் இழுப்பதும் சுமப்பதும் பல குழந்தைகளுக்கு மன அமைதி தருகிறது. அரை வாளித் தண்ணீரைச் செடிக்குக் கொண்டுபோவது, சப்பாத்தி மாவை அழுத்திப் பிசைவது, துவைத்த துணிக்கூடையை இழுத்து வருவது எல்லாமே பயிற்சிதான். என் பிள்ளை மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய நாட்களில் ராத்திரி சீக்கிரம் தூங்கிவிடுவான்.

எதை ஆடினாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செருப்பு, பார்க், ஊஞ்சல், வீடு என்று நான்கு படம் வரைந்து வரிசையாகக் காட்டினால் போதும். எப்போது முடியும் என்று தெரிந்தால் அழுகை குறையும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். சொல்லாமல் கொள்ளாமல் அதைத் தேடிப் போய்விடுவார்கள். கிணறு, தொட்டி, சம்ப் எல்லாவற்றையும் மூடிப் பூட்டுங்கள். நீச்சல் கற்றுக் கொடுப்பது நல்லது. ஆனால் நீந்தத் தெரிந்த பிறகும் கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்கணும். வலிப்போ இருதயக் கோளாறோ உள்ள பிள்ளையானால், எதையும் தொடங்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி 60 நிமிடம் உடல் அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் அதே அளவுதான். மலைக்க வேண்டாம், ஐந்தைந்து நிமிடமாக ஆரம்பியுங்கள். ஒரு வேளை உங்களுடையது, ஒரு வேளை அவன் அப்பாவுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுப் பீரியடில் இவனை மரத்தடியில் உட்கார வைத்துவிடுகிறார்களா? போய்க் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள், மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக இவர்களுக்கும் விளையாட வாய்ப்புத் தரணும் என்று அதில் இருக்கிறது. என் மகனுக்குப் பந்துக்கூடையைத் தூக்கி வருவதும் மைதானத்தை ஒரு சுற்று ஓடுவதும் போதும் என்று கேட்டு வாங்கினேன்.

“ஏன் இப்படிக் குதிக்கிறான்?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அதற்குப் பயந்து கதவைச் சாத்தாதீர்கள். “அவன் விளையாடுகிறான்” என்று சொல்லுங்கள், போதும். இந்த வாரம் அவனைச் சிரிக்க வைத்த அசைவு எது எதுவென்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், சகோதரி. எனக்கும் எழுதுங்கள்.