யாரைக் கேட்டு எழுதினீர்கள்?

சில வருடங்களுக்கு முன் எங்கள் அணிக்கு ஆள் எடுக்க வேண்டியிருந்தது. என்னென்ன திறன் வேண்டும் என்று என்னை எழுதித் தரச் சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் பழைய விளம்பரம் ஒன்றை எடுத்து, நாலு மென்பொருள் பெயர்களைக் கூடச் சேர்த்து, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால் நாங்கள் எல்லோரும் கூப்பிடுகிற அண்ணன் பி.எஸ்சி. படித்தவர். என் பட்டியலின்படி அவர் நேர்காணலுக்கே வர முடியாது.

இந்த மாதிரி விளம்பரங்களை லட்சக்கணக்கில் திரட்டி எண்ணித்தான் ‘சந்தைக்குத் தேவையான திறன்கள்’ என்று பல அறிக்கைகள் வருகின்றன. அவற்றைக் காட்டி, நம் பிள்ளைகளுக்குத் திறன் போதாது என்று மேடையில் வருத்தப்படுகிறார்கள். எழுதிய எனக்கே அந்தப் பட்டியலில் நம்பிக்கை இல்லை.

ஒரு வேலைக்கு என்ன திறன் வேண்டும் என்பதை யார் எழுதுகிறார்களோ, அவர்களுடைய பார்வையும் வசதியும்தான் அதில் இருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் துறை 1939இலிருந்து வேலைகளுக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டது. 1965 பதிப்பில் தகவல், மனிதர்கள், பொருட்கள் என்ற மூன்றையும் வைத்து ஒவ்வொரு வேலைக்கும் எண் கொடுத்தார்கள். மழலையர் பள்ளி ஆசிரியைக்கும் வளர்ப்புத் தாய்க்கும் கிடைத்தது கடைநிலை மதிப்பு. நாய்களைப் பழக்குகிறவர் அவர்களைவிட எவ்வளவோ மேலே இருந்தார். 1970களில் விஸ்கான்சினில் நடந்த ஆய்வு இதை அம்பலப்படுத்தியது. குழந்தை வளர்ப்பது பெண்ணுக்குத் தானாக வருவதுதானே, அதில் என்ன திறன் என்பதுதான் எண் போட்டவர்களின் நினைப்பு. 1998இல் அந்த அகராதியின் இடத்துக்கு வந்த ‘ஓ-நெட்’ தரவுத்தளம், வேலை செய்கிறவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்கிறது. அந்த அளவுக்காவது புத்தி வந்தது.

ஜெர்மனியில் தொழிற்பயிற்சி விதிகளை முதலாளிகள் மட்டும் எழுதிவிட முடியாது. பான் நகரிலுள்ள தொழிற்கல்விக்கான மத்திய நிறுவனத்தின் வழியாக, அவர்களுடைய பிரதிநிதிகளும் தொழிற்சங்கத்தினரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். அதனால் தன்னிடம் இருக்கிற ஒற்றை இயந்திரத்தை மட்டும் காட்டிக்கொடுத்து ஒரு கம்பெனி கையைக் கழுவ முடியாது. தொழிலை முழுசாகக் கற்றுத்தர வேண்டும். ஜெர்மனி ஒன்றும் சொர்க்கமில்லை. பெரும்பாலான மாநிலங்களில் பத்து வயதுவாக்கிலேயே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். ஆனால் மேசையில் இரண்டு தரப்பும் இருக்கின்றன.

நம் ஊரில்? 2008இல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம், 2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, துறைக்கொரு திறன் கவுன்சில். கவுன்சில்களின் தலைமை தொழில் நிறுவனங்களிடம்.

கட்டட வேலையில் இருபது வருஷம் கலவை சுமந்த சித்தாளை நினைத்துப் பாருங்கள். மணலைக் கையில் அள்ளினாலே எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். கொத்தனார் வாய் திறக்கும் முன்பே சட்டி அவர் பக்கத்தில் இருக்கும். அவளோடு வேலைக்கு வந்த பையன் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிட்டான். அவள் சித்தாளாகவே இருக்கிறாள். கூலிக் கணக்கில் அவள் ‘திறனற்ற’ தொழிலாளி. வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைக் கவனிக்கிற ஆஷா பணியாளருக்கோ ‘தன்னார்வலர்’ என்று பெயர், கிடைப்பது ஊக்கத்தொகை. திறன் என்று எழுதிவிட்டால் அதற்குக் கூலி கொடுக்கணும். அதனால்தான் எழுதுவதில்லை.

“எப்படிப்பட்ட ஆள் வேணும்னு வேலை கொடுக்கிறவனுக்குத்தானே தெரியும்?” என்று கேட்பீர்கள். அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை பேர், எந்தச் சம்பளத்துக்கு என்பது தெரிந்தது. வேலை தெரியவில்லை. அது அண்ணனுக்குத்தான் தெரியும். அடுத்தமுறை யாராவது ‘திறன் இடைவெளி’ என்று பேசினால், பட்டியலை யார் எழுதியது, அந்த வேலையைச் செய்கிற ஒரே ஒரு ஆளையாவது கேட்டீர்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

அதற்கடுத்து ஆள் எடுத்தபோது பட்டியலை அண்ணனிடமே கொடுத்தேன். பட்டத்தை அடித்தார். மென்பொருள் பெயர்களில் பாதியை அடித்தார். ‘ராத்திரி போன் அடிச்சா பதறாம லாக் படிக்கத் தெரியணும்’ என்று ஒரு வரி சேர்த்தார். விளம்பரம் வெளியானபோது பட்டம் திரும்ப வந்திருந்தது. அந்த வரியைக் காணோம்.