கோந்தும் கத்தரிக்கோலும்

சென்ற மாதம் நாலைந்து பேர் கூடியிருந்தபோது கவிஞ நண்பர் ஒருவர் தீர்ப்பு வழங்கினார். எழுத்தில் மிக நாணயமான உருவம் ஒட்டுப் புத்தகம்தான். அதில் ஆசிரியன் பேசுவதில்லை, கத்தரித்து ஒட்டிவிட்டு விலகிக்கொள்கிறான் என்றார். உதாரணம், ஆப்ரஹாம் லிங்கனின் ஒட்டுப் புத்தகம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஏன் என்று அங்கே சொல்லி முடியவில்லை.

1858இல் இல்லினாய் மாநிலத்தின் செனட் இடத்துக்காக லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் ஏழு ஊர்களில் மேடையேறி வாதிட்டார்கள். புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவலாமா என்பது வாதத்தின் மையம். லிங்கன் தோற்றார். தோற்ற அதே நவம்பரில் சிகாகோ பத்திரிகைக்காரர் ஒருவருக்கு எழுதி, விவாதங்கள் வந்த இதழ்களில் இரண்டிரண்டு பிரதி கேட்கிறார்: ஒன்று தொடாமல் எடுத்துவைக்க, இன்னொன்று ஒட்டுவதற்கு. (தன் தோல்வியை இவ்வளவு சிரத்தையாகப் பாதுகாத்தவரிடம் எனக்கு மரியாதை உண்டு. அது வேறு விஷயம்.) தன் பேச்சுக்குத் தன் கட்சி சார்ந்த டிரிப்யூன், டக்ளஸின் பேச்சுக்கு அவர் கட்சி சார்ந்த டைம்ஸ். 1860இல் இது கொலம்பஸ் நகரில் புத்தகமாக வந்தது. குறிப்புரை எதுவும் கூடாது, அனுப்பியபடியே அச்சிட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

நண்பர் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார். எதிராளியின் பேச்சுக்கு எதிராளியின் பத்திரிகை. இதைவிட நியாயம் உண்டா? ஆனால் அன்றைய சுருக்கெழுத்தாளர்கள் கட்சிக்காரர்கள். தங்கள் ஆள் தடுமாறினால் வாக்கியத்தை நிமிர்த்திவிடுவார்கள், மற்றவன் தடுமாறினால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே 1993இல் ஹெரால்டு ஹோல்ஸர் ஏற்பாட்டைத் தலைகீழாக்கி, ஒவ்வொருவர் பேச்சையும் எதிர்முகாம் பத்திரிகையிலிருந்து எடுத்துப் பதிப்பித்தார். லிங்கனின் நியாயம் நமக்குத் தருவது, சவரம் செய்து தலைவாரி உட்காரவைத்த இரண்டு மனிதர்களை. அப்படியும் டக்ளஸ் தன் பேச்சைச் சிதைத்துவிட்டதாக 1860இலேயே புகார் செய்தார்.

இது போகட்டும். லிங்கன் கைவைத்த இடம் வேறு. கரகோஷம், சிரிப்பு, கூச்சல் என்று நிருபர்கள் அடைப்புக்குள் போட்டிருந்ததை அவர் அடித்துவிட்டார். படிப்பவனுக்கு இடைஞ்சல் என்று நினைத்திருக்கலாம். செப்டம்பர் 18, சார்ல்ஸ்டன் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் சமூக, அரசியல் சமத்துவம் கொண்டுவருவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை என்கிறார். வாக்கியம் முடிவதற்குள் கரகோஷம். வாக்கியத்தை அவர் நீக்கவில்லை. அந்த அவமானம் ஒட்டப்பட்டு அச்சேறியும் இருக்கிறது. கரகோஷம் மட்டும் இல்லை. கைதட்டியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். ஓட்டுக்காக ஒரு கூட்டத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னது, தனியறையில் யோசித்து எழுதிய சித்தாந்தம் மாதிரி நிற்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. கையால் லெட்ஜர் எழுதிய காலத்து விதி ஒன்று உண்டு: தவறான எண்ணைச் சுரண்டக் கூடாது, உள்ளே இருப்பது தெரியும்படி ஒரு கோடு, பக்கத்தில் இனிஷியல். 1860 புத்தகத்தில் கோடும் இல்லை, இனிஷியலும் இல்லை.

1858 அக்டோபரில் இன்னொரு ஒட்டுப் புத்தகம் செய்தார். சின்னது. சட்டசபைக்கு நின்ற நண்பர் ஜேம்ஸ் பிரவுனுக்காக, 'நீக்ரோ சமத்துவம்' பற்றித் தான் பேசியதையெல்லாம் கத்தரித்து ஒட்டி, ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். சுதந்திரப் பிரகடனம் சொல்லும் 'மனிதர்' என்பதில் கறுப்பரும் அடக்கம் என்பதும் உண்டு. சமூக சமத்துவம் தன் நோக்கமல்ல என்பதும் உண்டு. வாக்காளருக்குக் காட்டவே செய்த புத்தகம். ஆசிரியன் விலகிக்கொண்டானாம்! பக்கத்துக்குப் பக்கம் கோந்து ஈரத்தோடு உட்கார்ந்திருக்கிறான்.

நண்பர் தேடும் வஸ்து வேறெங்கோ இருக்கிறது. 1865 ஏப்ரல் 14 இரவு, சுடப்பட்டபோது லிங்கனின் பையில் இருந்தவை: இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு பேனாக்கத்தி, கைக்குட்டை, பர்ஸ். பர்ஸில் தென்னகக் கூட்டமைப்பின் ஐந்து டாலர் நோட்டு ஒன்று (காசாளன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்), பத்திரிகைத் துணுக்குகள் ஒன்பது. அவற்றில் பல அவரைப் புகழ்பவை. குடும்பத்தில் பத்திரமாக இருந்து 1937இல் காங்கிரஸ் நூலகத்துக்கு வந்தன. 1976இல்தான் காட்சிக்கு வைத்தார்கள். யாருக்கும் காட்ட அடுக்காதது. யுத்தத்தை நடத்திய மனிதன், தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். இங்கே கோந்து இல்லை.

சமீப காலமாக நண்பரும் பத்திரிகை வரிகளை வெட்டி அடுக்கிக் கவிதை என்று தருகிறார். கேட்டால், நான் ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார். எந்த வரியை வெட்டினார் என்று எனக்குத் தெரிகிறது. எதை அடித்தார் என்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வருமுன் சார்ல்ஸ்டன் பேச்சை ஒருமுறை கரகோஷத்தோடு படித்துவிட்டு வரட்டும்.