மொழி தெரியாமை மடமையன்று!



எம்மிடம் பள்ளியிற் பயின்று, பொறியியல் மேற்படிப்புக்கென இங்கிலாந்து சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் எம்மைக் காண வந்திருந்தார். "ஐயா, அங்குச் சென்ற முதல் மூன்று திங்களும் வகுப்பில் நான் வாய் திறக்கவே இல்லை. கணக்குத் தெரியும்; விடையும் தெரியும். அதை அவர்கள் மொழியிற் சொல்ல அஞ்சி அஞ்சி, இறுதியில் நான் ஒன்றும் அறியாதவன் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்" என்றார். எம் வகுப்பில் முதலிடம் பெற்றுவந்த பிள்ளை அவர்! அவர்தம் அச்சத்தைப் போக்கியவர் அப் பல்கலைக்கழகத்து மொழிப்பயிற்சி ஆசிரியர் ஒருவராம். "உம் ஆங்கிலம் பிழை" என்று அவ் ஆசிரியர் தொடங்கவில்லை, "நீர் சொல்ல விரும்புவது யாது?" என்றே கேட்டாராம்.

அவ் வினாவின் பின்னுள்ள உண்மையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கில நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு மாணவரைச் சேர்க்குமுன் மொழித்தேர்வு வைக்கின்றன. அமெரிக்கத் தோபெல் தேர்வு 1964-இலும், இன்று பெருவழக்காயுள்ள ஐயெல்ட்சுத் தேர்வு 1989-இலும் தோன்றின. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு திறன்களும் அவற்றில் அளக்கப்பெறும். ஆயினும், தேர்வை வென்றவன் மொழியையும் வென்றவனாகான் என்பதை அப் பல்கலைக்கழகத்தார் பட்டறிவால் உணர்ந்துள்ளனர். ஆகவே, கல்வியாண்டு தொடங்குமுன் கோடையில் சில கிழமைகள் முன்பயிற்சியும், தொடங்கியபின் படிப்போடு படிப்பாக உடன்பயிற்சியும் அளிக்கின்றனர். விரிவுரை கேட்டுக் குறிப்பெடுத்தல், நீண்ட நூலின் கருத்தைச் சுருக்கியுரைத்தல், கட்டுரையை வகுத்தெழுதுதல், கருத்தரங்கில் பணிவோடு மறுத்துரைத்தல் என்பன அங்குக் கற்பிக்கப்பெறும். 1972-ஆம் ஆண்டிலேயே இத்துறை ஆசிரியர்கள் பிரித்தானியாவில் தமக்கென ஓர் அமைப்புக் கண்டனர்.

இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவோம். நூலில் உள்ளதை எழுத்துப் பிறழாமல் ஒப்புவிப்பவனே நன்மாணாக்கன் என்று நம் பள்ளிகளில் பழக்கிவிட்டோம். அதே மாணவன் அங்குச் சென்று, நூலாசிரியன் பெயர் சுட்டாமல் இரண்டு தொடரை எடுத்தெழுதினால் அது கருத்துத் திருட்டு! படிப்பையே இழக்க நேரினும் நேரும். அவன் திருடனல்லன், அந் நாட்டு எழுத்துமரபு அறியாதவன். அறியாததைக் கற்பிப்பதே ஆசிரியன் கடன். கற்பியாமல் ஒறுப்பது முறையன்று.

இஃது அருளால் அளிக்கும் கொடையுமன்று. அயல்நாட்டு மாணவர் தம் படிப்பின் முழுச்செலவையும் கட்டணமாகச் செலுத்தவேண்டும் என்னும் நெறியைப் பிரித்தானிய அரசு 1980-இல் நடைமுறைப்படுத்தியது. அன்று முதல் உள்நாட்டு மாணவரினும் பன்மடங்கு கட்டணம் அவர்களிடம் பெறப்படுகின்றது. கோடை முன்பயிற்சிக்கும் தனிக்கட்டணமே. நிலத்தை விற்றுப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பணத்தை வாங்கும் பல்கலைக்கழகம், அப் பிள்ளை பாடத்தை விளங்கிக்கொள்ளவும் வழி செய்தல் வேண்டும். உடன்பயிற்சியைப் பல பல்கலைக்கழகங்கள் கட்டணமின்றி அளிப்பது முறையே. எல்லாவற்றிலும் அவ்வாறே ஆதல் வேண்டும்.

ஆங்கிலேயர் மட்டுமா இதனைச் செய்கின்றனர்? 1960-இல் மாசுக்கோவில் நிறுவப்பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்க, ஆசிய நாட்டு இளைஞர்கள் முதலில் உருசிய மொழி கற்றனர். பின்னரே அம்மொழியில் மருத்துவமும் பொறியியலும் கற்றனர். செருமனியில், தம் நாட்டுப் பள்ளிச்சான்று நேரே நுழையப் போதாத அயல்நாட்டு மாணவர்க்கென முன்பயிற்சிக் கல்லூரிகள் உள்ளன. ஏறத்தாழ ஓராண்டு, செருமன் மொழியோடு துறைப்பாடமும் அங்கே கற்பிக்கப்பெறும். இன்று அந் நாட்டில் ஆங்கிலவழி மேற்படிப்புகள் பெருகியுள்ளன எனினும், இளநிலைப் படிப்பின் பெரும்பகுதி செருமன் மொழியிலேயே நிகழ்கின்றது. விருந்தினனுக்குத் தம் மொழியைக் கற்பித்தனரேயன்றி, தம் மொழி உயர்கல்விக்கு உதவாதென்று அவர்கள் கைவிட்டாரல்லர்.

இனி நம் வீட்டைப் பார்ப்போம். சிற்றூர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் அறிவியல் கற்ற நம் பிள்ளை, தன் ஊரிலிருந்து இருபது கல் தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்கின்றான். அங்கே பாடநூல் ஆங்கிலம், விரிவுரை ஆங்கிலம், தேர்வு ஆங்கிலம். இங்கிலாந்து சென்ற எம் மாணவர் பட்ட அதே துன்பத்தை இவன் கடல் கடவாமலே படுகின்றான். அவருக்கோ, "நீர் சொல்ல விரும்புவது யாது?" என்று கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். இவனுக்கு யார் இருக்கின்றார்? தன் நாட்டிலேயே அயலானாகிவிட்ட இவன், அயலானுக்குக் கிடைக்கும் துணையும் இன்றி நிற்கின்றான். தேறாவிடின், 'மூளையற்றவன்' என்னும் பட்டம் மட்டும் தவறாமற் கிடைக்கும்.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கியது. நல்ல தொடக்கமே. ஆயினும், பொறியியல் பயில்வோருள் மிகப் பெரும்பாலோர் இன்றும் ஆங்கிலவழியிலேயே பயில்கின்றனர்.

நாம் ஆங்கிலத்தைப் பகைப்போம் அல்லேம். அதனை ஒரு மொழியாகக் கற்க வேண்டுவோர் செவ்வனே கற்கட்டும். அறிவை அளக்கும் கோலாக அதனை ஆக்குவதையே மறுக்கின்றோம். எனவே இரண்டு கேட்கின்றோம். ஒன்று: தமிழ்வழியில் வந்து ஆங்கிலவழியில் தள்ளப்பெறும் ஒவ்வொரு மாணவர்க்கும், கல்லூரி தன் செலவில் முன்பயிற்சியும் உடன்பயிற்சியும் தருதல் வேண்டும். இஃது இன்றைய காயத்திற்கு மருந்து. மற்றொன்று: எல்லாத் துறையும் தமிழிற் கற்பிக்கப்பெறுதல் வேண்டும். இதுவே காயம் மீண்டும் நேராமைக்கு வழி.

ஆசிரிய நண்பர்களே! நாளை உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறவாமல் அமர்ந்திருந்தால், அவனைக் கடிந்துகொள்ளுமுன் தமிழில் ஒரு வினா வினவுங்கள்: "தம்பி, நீ சொல்ல நினைப்பது என்ன?" அவன் வாய் திறப்பான், அவன் அறிவும் அப்போது புலப்படும்.