சர்வாதிகாரியும் கிராணியாரும்

ஐரோப்பியச் சர்வாதிகாரிகளைத் தூற்றத் தொடங்கினால் நம்மவர்க்கு வாய் ஓய்வதில்லை. முசோலினி 1922இலும் ஹிட்லர் 1933இலும் ஆட்சியைத் தட்டிப் பறித்தனரென்று பினாங்குக் கடைத்தெருவில் தேநீர் அருந்தியவாறே தீர்ப்பளிக்கிறோம். பறித்தனராமே! முன்னவனை அழைத்துப் பிரதமனாக்கியது இத்தாலிய மன்னன். பின்னவனை நியமித்தது ஜனாதிபதி ஹிண்டன்பர்க். அவனுக்குச் சகல அதிகாரத்தையும் வாக்களித்து வழங்கியது ஜெர்மன் பார்லிமெண்டு. அதன்பின் ஆணைகளைப் பதிவேட்டில் ஏற்றியோர் யாவர்? குமாஸ்தாக்கள். அதாவது, நம் இனம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அக்கிளர்ச்சியின் கோரிக்கைகளில் ஒன்றை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். துரையைக் கண்டதும் தொழிலாளி சைக்கிளை விட்டிறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டுமென்பது அது. துரைக்கு மட்டுமா இறங்கினார்கள்? கிராணியாருக்கும் இறங்கினார்கள்! நம் முன்னோர் அந்த மரியாதையை மறுத்ததாக எவரும் பெருமை பேசக் கேட்டதில்லை. நாதனை நாடு கடத்தினர், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மடிந்தனர்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் குண்டு வீசியதும், பினாங்கின் வெள்ளையர் இரவோடிரவாகக் கப்பலேறி, நம்மையெல்லாம் கைவிட்டுச் சென்றனர். துரை போனார், பதிவேடு போகவில்லை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் கேட்டபோது, பல தோட்டங்களில் பெயர்ப் பட்டியல் அந்தப் பதிவேட்டினின்றே எழுந்தது. உயிருக்கு அஞ்சி எழுதினோம் என்பர். மெய்தான், அஞ்சாதிருக்க எவரால் இயலும்? ஆயினும் பட்டியலில் கிராணியார் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

இவை பழங்கதை என்பீரோ? இன்று பெரட்டுக்களத்தில் நிற்போரில் பலர் வங்காளதேசத்தார், இந்தோனேசியர். பிறர் கடவுச்சீட்டை உரிமையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்வாறிருந்தும் நாம் முன்பு ஊழியம் செய்த ஒரு தோட்டத்தில் அவர்களுடைய சீட்டுகள் இரும்புப் பெட்டியில் கிடந்தன. சாவி நம் மேசையறையில் இருந்தது. தாயின் மரணச் செய்தி கேட்டு ஒருவன் வந்து நின்றபோது, "மேலாளரைக் கேள்" என்றோம். சாவியைத் திருப்ப அரை நிமிடம் போதும்.

நண்பர்காள், ஹிட்லரைப் பின்னர் பேசுவோம். உங்கள் அலுவலகத்துப் பெட்டியின் சாவி இப்போது எவரிடம் இருக்கிறது?