பூனையின் ஊசியும் வீட்டாரின் பொழுதும்

பூனைக்கு நீரிழிவு என்றால் நம்மவர் முதலிற் சிரிப்பர். நாள்தோறும் இரு வேளை ஊசி என்றால் நம்பவும் மறுப்பர். ஆயினும் பெரியமடுவில் எம் வீட்டில் அதுவே நடைமுறை. பத்து வயதுக் கடுவன். ஓயாது தண்ணீர் குடிப்பதையும், வயிறார உண்டும் மெலிவதையும் கண்டு மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். வேளைக்கு இரண்டு அலகு இன்சுலின், பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், உணவோடு சேர்த்து என்று அவர் விதித்தார்.

ஊசி குத்துவது பெரிய வித்தையன்று. ஒரு வாரத்திற் கை பழகிவிடும். அந்தப் பன்னிரண்டு மணி நேரந்தான் பெரும்பாடு. இத்தனைக்கும் நாம் வாழ்வது பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ ஒன்பது பாகை வடக்கே. மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே வேற்றுமை. இலண்டனிலோ மாரிப் பகல் எட்டு மணிக்கும் குறைவு. கோடைப் பகல் பதினாறு மணிக்கும் மேல். ஆகவே பொழுது புலர ஓர் ஊசி, பொழுது சாய ஓர் ஊசி என்று வைத்தால் நமக்குக் கடிகாரமும் வேண்டியதில்லை.

ஆனால் சூரியனைப் பார்த்து நடக்கும் தொழில் இன்று எத்தனை பேருக்கு உண்டு? என் மனைவி அரசாங்க வைத்தியசாலைத் தாதி. ஒரு நாள் காலை 7 மணி முதல் 1 மணி வரை கடமை. மற்றொரு நாள் 1 முதல் 7 வரை. பிறிதொரு நாள் இரவு 7 முதல் மறுநாட் காலை 7 வரை. பிரயாண நேரம் வேறு. நானோ கரையில் மீனை நிறுத்து லொறியில் ஏற்றுபவன். காற்றும் கடலும் வைத்ததே என் நேரம். மாலை ஆறு மணிக்கு இருவரும் வீட்டிலிருப்பது அபூர்வம்.

இந்நிலையில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரு மணி நேரம் முன்பின் ஆனாற் பெருங்கேடு இல்லை. ஒரு வேளை தவறினாலும், அடுத்த வேளைக்கு வழமையான அளவையே கொடுத்துத் தொடரலாம். தவறியதையும் சேர்த்து இரட்டிப்பாகப் போடுவதே ஆபத்து. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் பிராணி தள்ளாடும், வலிப்புக் காணும், மாளவும் கூடும். உணவைத் தொடாத வேளையில் வைத்தியரைக் கேளாமல் முழு அளவு போடலாகாது. வீட்டில் இருவர் ஊசி போடும்போது, மற்றவர் மறந்திருப்பார் என்றெண்ணி மீண்டும் போடுவதே அஞ்சத்தக்கது. ஆகவே குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சும் எம்மூர் வழக்கத்தையே கைக்கொண்டோம். அயலிலுள்ள என் தங்கையையும் சேர்த்து மூவருக்கு முறை. போட்டவர் கொப்பியில் நேரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுத்து இல்லையேல், கேட்டறியாமல் எவரும் ஊசியைத் தொடுவதில்லை.

மனிதருக்கே மருந்தில்லாதபோது பூனைக்கு ஏன் என்று வினவுவோர் உளர். கேள்வி நியாயமானதே. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. பேராதனை வைத்தியசாலையில் மருந்தின்மையால் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அதை மறந்தார் யார்? ஆயினும் கணக்கைப் பாருங்கள். பூனைக்கு நாளொன்றுக்கு நான்கு அலகு. 28 நாளைக்கு 112. பத்து மில்லிலீற்றர்க் குப்பியிலோ 1000 அலகு. திறந்த குப்பியை 28 நாளிற் கழித்துவிட வேண்டும் என்பது பல வகை இன்சுலினுக்கும் விதி. பூனைக்குச் சேர்வதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு குப்பைக்குப் போகிறது. 300 அலகுள்ள சிறு குழாயை வாங்கினால் வீணாவது 188 மட்டுமே. வழக்குத் தொடுப்பதாயின் குப்பியின் அளவின் மீது தொடுக்க வேண்டும். மேலும், 1921இல் தொரன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ரும் இம்மருந்தை முதலில் நாய்களிலேயே சோதித்தனர். 1922இலேதான் அது மனிதருக்குக் கிடைத்தது. வாயில்லாப் பிராணிகளுக்கும் இதில் ஒரு பங்குண்டு என்பேன்.

பூனையின் தொல்லை பூனையோடு நிற்பதில்லை. இதே மருந்தைத் தமக்கே போட்டுக்கொள்ளும் கடற்றொழிலாளர் எம் கரையில் உளர். ஊசி நேரத்தில் அவர்கள் நடுக்கடலில் நிற்பர். சமைத்த சோறு நேரத்துக்குக் கிடையாது. முறைக்கடமை செய்யும் தாதியரும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் இதே நிலையினரே. மாலை ஆறு மணிக்கு அவர்கள் எங்கிருப்பர் என்று மருந்தை எழுதித் தருபவர் கேட்பதில்லை. கடமைப் பட்டியலை வகுப்பவர் அவர்கள் மருந்து நேரத்தைக் கேட்பதில்லை. எம் பூனைக்காவது கொப்பியும் மூன்று காவலரும் உண்டு.

இப்போது மனைவியின் பட்டியல் வாரந்தோறும் மாறுகிறது. அதை மாத முதலிலேயே ஒட்டிவிட்டால், தங்கையை எந்த மாலைகளில் அழைக்க வேண்டும் என்பதை மாத முதலிலேயே கொப்பியில் எழுதிவிடுவேன்.