முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகள்: ரேஷன் அரிசியில் சேர்ப்பது போதுமா?

ஸ்பைனா பிஃபிடா. கருவிலேயே குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகும் பிறவிக் குறைபாடு இது. தீவிரமாக இருந்தால் கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம்.

சிக்கலே நேரம்தான். கரு உருவான 28 நாட்களுக்குள் அந்த இடம் மூடியாக வேண்டும். நாள் தள்ளிப்போச்சேன்னு தாம்பரம் மெடிக்கல் ஷாப்பில் கிட் வாங்கும்போதே பாதி நாள் போயிருக்கும். ஆஸ்பத்திரியில் பதிவு செய்து மாத்திரை வாங்குவதற்குள் மீதியும் முடிஞ்சிடும்.

ஃபோலிக் அமிலம் இதைப் பெருமளவு தடுக்கும் என்பது 1991-லேயே உறுதியானது. 7 நாடுகளில் நடந்த பிரிட்டன் ஆய்வில், ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை உருவான தாய்மார்களுக்கு மறுபடி வரும் ஆபத்து 72% குறைந்தது.

"அதான் ரேஷன் அரிசியில் சேர்த்தாங்களே?" கணக்குப் போட்டுப் பார்ப்போம். விதிப்படி செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கும். தினமும் 300 கிராம் சாப்பிட்டாலும் 40 மைக்ரோகிராம்கூட தேறாது. கருத்தரிக்கும் முன்பிருந்தே தேவைப்படுவதோ தினமும் 400. (பிளாஸ்டிக் அரிசி என்ற வதந்தியை நம்பி அதையும் பொறுக்கி எறிபவர்கள் தனி!)

ஆக, மாத்திரைதான் வழி. அதையும் கர்ப்பம் உறுதியான பிறகு அல்ல, குழந்தைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்க வேண்டும். முதல் குழந்தைக்கு இந்தக் குறை இருந்திருந்தால் 400 போதாது. அந்த ஆய்வில் கொடுத்தது அதைப்போல பத்து மடங்கு. அந்த அளவை டாக்டர்தான் முடிவு செய்யணும்.