வேரொடு களைதல்

நல்லெண்ணத்துடன் நட்டதெல்லாம் நன்மை பயக்கும் என்று கொள்ளல் தவறாகும். 1950களில் அம்பாந்தோட்டையின் உவர்நிலத்தைத் திருத்துவதற்கெனச் சீமைக்கருவேல் கொணர்ந்து நடப்பட்டது. அதுவோ எல்லை கடந்து, 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட பூந்தலக் கரையோரத்திலும் புகுந்தது. அதன் காய்களைத் தின்னும் மாடுகள் சாணத்தோடு வித்துக்களைப் பரப்புகின்றன. முட்புதர் அடர அடர, நாட்டுச் செடிகள் ஒடுங்குகின்றன. மேய்ச்சல் வெளியும் குறுகுகின்றது. மன்னார்க் கரையிலும் அம்மரம் வேரூன்றியுளது.

வெட்டினாற் போதும் என்பாருளர். அதனை நாம் ஏற்கோம். அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும். மண்ணிற் கிடக்கும் வித்துக்கள் பல்லாண்டு உயிர்தாங்கி நிற்கும். ஆதலின் வேரொடு களைதல் வேண்டும். முளைப்பனவற்றை ஆண்டுதோறும் பறித்தல் வேண்டும். வெறுமையான இடத்தில் உகாய் முதலிய நாட்டு மரங்களை நட்டுப் பேணல் வேண்டும். மணல்மேட்டிலே அடம்பன் கொடி மீண்டும் படர்தல் வேண்டும்.

விழா நாளில் மண்வெட்டியுடன் படமெடுத்துக்கொள்ளல் எளிது. மறு ஆண்டும் அவ்விடஞ் செல்வதே தொண்டு. இவ்விழாவின் நினைவாகக் கரையோரத் துண்டொன்றையேனும் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் பத்தாண்டுக்குப் பொறுப்பேற்பாராக. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழியன்றோ!